மார்பக அறுவை: கொஞ்சம் வரலாறு, ஒரு சிறு அட்டை

இந்த முறை நான் எழுதப்போகும் விஷயத்தை நம் வீடுகளில் சத்தமாகப் பேச மாட்டார்கள். பெண்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தாலும், ஆண்கள் வந்தால் பேச்சை மாற்றிவிடுவார்கள். மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை, நோய்க்காக எடுத்துவிட்ட மார்பகத்தைத் திரும்ப அமைக்கும் அறுவை இரண்டையும் பற்றித்தான் எழுதுகிறேன். எழுபதைத் தாண்டியவளுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். மகளும் மருமகளும் பேத்தியும் யோசனை கேட்டு வருவது நம்மிடம்தான். விவரம் தெரியாமல் "அதெல்லாம் வேண்டாம்" என்று தடுப்பதும், விவரம் தெரியாமல் "டாக்டர் சொன்னால் செய்துகொள்" என்று அனுப்புவதும் ஒரே மாதிரியான தப்புதான்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவள். பிறகு புதுச்சேரி அரசில் எழுத்தராகச் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகங்களில் கழித்தேன். பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் என் மேசையில்தான் இருந்தன. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அதற்கு எத்தா சிவில் என்று பெயர். பெயர்ப்பலகை மாறிப் பல வருடம் ஆன பிறகும் கிராமத்துப் பெரியவர்கள் "மேரிக்குப் போறேன்" என்று சொல்லித்தான் வருவார்கள்.

இறப்பைப் பதிய வருகிறவர்களிடம் என்ன நோய் என்று கேட்போம். சில வீட்டு அம்மாக்கள் விஷயத்தில் மகன் தலையைக் குனிந்துகொண்டு "ஒடம்பு சரியில்லாம இருந்தாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கூட வந்த பெண் மட்டும் போகும்போது என் பக்கம் குனிந்து, "மாருல கட்டிம்மா. ஒரு வருஷமா யாருகிட்டயும் காட்டல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவாள். இதைப் பல முறை கேட்டிருக்கிறேன். வெட்கத்துக்காக உயிரை விட்டவர்கள் அவர்கள்.

கண்ணகி தன் இடது மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்த கதையை மேடை போட்டுப் பேசுகிறோம். கடற்கரையில் சிலை வைக்கிறோம். காவியத்தில் வந்தால் பேசலாம், ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் பேசக்கூடாது என்று வைத்திருக்கிறோம்.

வரலாற்றுக்கு வருகிறேன். பள்ளியில் நெப்போலியனின் போர்களைத் தேதிவாரியாக மனப்பாடம் செய்தோம். அவருடைய படையின் அறுவை மருத்துவர் பாரோன் லாரேயின் பெயரும் அதில் வரும். காயம்பட்ட சிப்பாய்களைப் போர்க்களத்திலிருந்து விரைவாக எடுத்துவர வண்டி ஏற்பாடு செய்தவர் என்று படித்தோம். அதே லாரே 1811 செப்டம்பர் 30ஆம் தேதி, பாரிசில் ஒரு பெண்ணின் வலது மார்பகத்தை அவர் வீட்டிலேயே வைத்து அறுத்தெடுத்தார் என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். அந்தப் பெண் ஃபேனி பர்னி. ஆங்கில நாவலாசிரியை, பிரெஞ்சு அதிகாரி ஒருவரை மணந்து அங்கே வாழ்ந்தவர். மயக்க மருந்து வருவதற்கு இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் இருந்த காலம் அது. குடிக்க ஒரு கோப்பை மதுபானம், முகத்தின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டை, அவ்வளவுதான். துணி மெல்லியதாக இருந்ததால் கத்தி பளபளத்ததும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பல மாதம் கழித்துத் தன் அக்காவுக்கு அத்தனையையும் கடிதமாக எழுதினார். அறுவைக்குப் பிறகும் 28 வருடத்துக்கு மேல் உயிரோடிருந்து 1840இல் காலமானார்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர், மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குளின் நெறிகளையும் சேர்த்து எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். நோய் திரும்பக்கூடாது என்பது நோக்கம். எழுபது எண்பது வருடம் அதுதான் உலகம் முழுக்க வழக்கம். நெஞ்செலும்பு தெரிய, கை வீங்கி, தோள் தூக்க முடியாமல் பெண்கள் வீடு திரும்பினார்கள். ஆரம்பநிலைக் கட்டிக்கு அவ்வளவு எடுக்க வேண்டியதில்லை, கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சத்தையும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலே போதும் என்பதை இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் ஃபிஷரும் 1980களில் ஆய்வுகளோடு நிறுவினார்கள். சீக்கிரம் காட்டினால் மார்பகமே போகாமல் தப்பலாம் என்று இன்று டாக்டர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

எடுத்த இடத்தை நிரப்பும் முயற்சி தனியாக நடந்தது. 1895இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் செர்னி என்ற மருத்துவர், கட்டி எடுத்த ஒரு பாடகியின் மார்பில், அவர் இடுப்புப் பக்கத்திலேயே இருந்த ஒரு கொழுப்புக் கட்டியை எடுத்து வைத்துத் தைத்தார். நம் உடம்பின் சதையையே நமக்கு வைக்கும் வழிக்கு அது ஒரு தொடக்கம். அதே காலத்தில் ஐரோப்பாவில் இன்னொரு வழியும் பரவியது. உருக்கிய பாரஃபின் மெழுகை ஊசியில் ஏற்றினார்கள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. சில வருடத்தில் மெழுகு இடம் மாறி, கட்டி கட்டியாக இறுகி, தோல் புண்ணாகிப் பலருக்கு மார்பகத்தையே எடுக்கும்படி ஆயிற்று. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சிலிக்கோன் திரவத்தை நேராக ஊசியில் ஏற்றினார்கள். அதற்கும் அதே கதிதான். இன்றும் யாராவது அழகு நிலையத்தில் "ஊசியிலேயே பெரிதாக்கித் தருகிறோம், கத்தியே வேண்டாம்" என்று சொன்னால், இந்தப் பழைய கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

1962 நம் ஊர்க்காரர்களுக்கு மறக்க முடியாத வருடம். ஆகஸ்ட் 16ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அதே வருடம் வசந்த காலத்தில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் குரோனின், ஜெரோ என்ற இரண்டு மருத்துவர்கள் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குச் சிலிக்கோன் பை வைத்தார்கள். சிலிக்கோன் ரப்பர் உறை, உள்ளே கூழ் போன்ற சிலிக்கோன். அந்தப் பெண் டிம்மி ஜீன் லிண்ட்சி, ஆறு பிள்ளைகளின் தாய். அவர் தருமச் செலவில் நடந்த அந்த ஆஸ்பத்திரிக்குப் போனது மார்பில் இருந்த பச்சைக்குத்தை எடுக்கத்தான். இதை வைத்துக்கொள்கிறாயா என்று மருத்துவர்கள் கேட்டார்கள். காதை ஒட்டித் தைத்துத் தருவதானால் சரி என்றாராம். அவர் மனதில் இருந்த குறை காதுதான். உலகத்தில் லட்சக்கணக்கான பெண்கள் செய்துகொண்ட ஓர் அறுவை, கேட்டு வராத ஒரு ஏழைப்பெண்ணின் உடம்பில்தான் தொடங்கியது.

அடுத்த சில வருடங்களில் உறைக்குள் உப்புநீர் நிரப்பும் பையும் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஆரியோன் என்ற பிரெஞ்சுக்காரர். அமெரிக்காவில் பை கிழிந்தது, உடம்பு வலி வந்தது என்று வழக்குகள் குவிந்தன. 1992இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சிலிக்கோன் பையை அழகுக்காக வைப்பதை நிறுத்தியது. புற்றுநோய்க்குப் பின் வைப்பதையும் ஆய்வு விதிகளுக்கு உட்பட்டுத்தான் அனுமதித்தது. 14 வருடம் கழித்து, 2006இல் நிபந்தனைகளோடு திரும்ப அனுமதி கொடுத்தது.

இனி பிரான்சில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் பல. எந்தத் தெருவிலும் ஒரு வீட்டிலாவது பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். அதனால் இந்தச் செய்தி நமக்கு வெளியூர்ச் செய்தியாக வரவில்லை, டெலிபோனில் வந்தது.

தெற்குப் பிரான்சில் தூலோன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் லா சேன் சுர் மேர் என்ற ஊர். அங்கே ழான் குளோத் மாஸ் என்பவர் 1991இல் ஒரு கம்பெனி தொடங்கினார். பெயர் 'போலி இம்ப்ளான் புரோத்தேஸ்'. பிரெஞ்சில் 'போலி' என்றால் 'பல' என்ற பொருள் வரும் முன்னொட்டு. தமிழில் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். கடைசியில் தமிழ்ப் பொருள்தான் சரியாக அமைந்தது. மருத்துவத்துக்கு அனுமதி பெற்ற சிலிக்கோன் கூழுக்குப் பதிலாக, விலை மிகக் குறைந்த தொழிற்சாலைச் சிலிக்கோனைப் பெரும்பாலான பைகளில் அடைத்து விற்றார்கள். 60க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது போயிற்று. பிரான்சில் மட்டும் சுமார் 30,000 பெண்கள் உடம்பில் இருந்தது.

தரச்சான்று கொடுக்க ஜெர்மனியிலிருந்து ஒரு நிறுவனம் வருடா வருடம் வந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவார்கள். வருவதற்குள் தவறான சரக்கையும் அதன் கணக்கையும் மறைத்துவிடுவார்கள். இதை மாஸ் விசாரணையில் தானே ஒப்புக்கொண்டார். கணக்குத் தணிக்கை எப்போது வரும் என்று தெரிந்தால் அலுவலகங்களில் என்ன நடக்கும் என்பது அரசு வேலை பார்த்த வாசகர்களுக்கு விளங்கும்.

பைகள் வழக்கத்தைவிட அதிகமாகக் கிழிகின்றன என்று மார்செய் நகர அறுவை மருத்துவர்கள் புகார் செய்தார்கள். 2010 மார்ச்சில் அரசு ஆய்வாளர்கள் உள்ளே போய்ப் பார்த்தார்கள், விற்பனை நின்றது, கம்பெனியும் மூடியது. 2011 டிசம்பர் 23ஆம் தேதி, கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்பு, இந்தப் பை வைத்திருக்கும் பெண்கள் எல்லோரும் முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடுவது நல்லது என்று பிரெஞ்சு அரசு அறிவித்தது. எடுக்கும் செலவை அரசுக் காப்பீடு ஏற்றது. புற்றுநோய்க்குப் பின் வைத்தவர்களுக்குப் புதிய பையின் செலவையும் சேர்த்து ஏற்றது. பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தக் கூழினால் புற்றுநோய் வரும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கிழிவது மட்டும் மற்றப் பைகளைவிட அதிகம் என்று தெரிந்தது. 2013 டிசம்பரில் மார்செய் நீதிமன்றம் மாசுக்கு 4 வருடச் சிறையும் 75,000 யூரோ அபராதமும் விதித்தது. அவர் 2019இல் இறந்தார்.

அறிவிப்பு வந்ததும் அத்தனை பெண்களுக்கும் ஒரே கேள்வி: என் உடம்பில் இருப்பது எந்தக் கம்பெனி? 2012 ஜனவரியில் என் அண்ணன் மகள் பாரிஸ் பக்கத்திலிருந்து பேசினாள். சில வருடம் முன்பு அவளுக்குப் புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தை எடுத்துவிட்டுப் பை வைத்திருந்தார்கள். "அத்தை, எது வெச்சாங்கன்னே தெரியல. டாக்டர் ரிட்டயர் ஆகிட்டாரு" என்று அழுதாள். "ஆஸ்பத்திரியில ஏதாவது அட்டை குடுத்திருப்பாங்க, தேடிப் பாரும்மா" என்றேன். அவர்கள் வீட்டில் குடும்பப் பதிவுப் புத்தகத்தை, லிவ்ரே தெ ஃபமிய் என்று சொல்வோமே அதை, பத்திரமாக வைப்பது வழக்கம். அந்த உறைக்குள்ளேயே அட்டை இருந்தது. கம்பெனி பெயர், மாடல், எண் எல்லாம் இருந்தன. அது வேறு கம்பெனி. அன்றிரவு அவள் தூங்கினாள்.

அவளோடு சிகிச்சை பெற்ற இன்னொரு பெண்ணிடம் அட்டை இல்லை. வைத்த இடமும் மூடிவிட்டார்கள். கடிதம் மேல் கடிதம் எழுதி, படம் எடுத்துப் பார்த்து, நிம்மதி கிடைக்க அவருக்குப் பல மாதம் ஆயிற்று. நாடு தழுவிய பதிவேடு இருந்தால் இந்தச் சிரமம் குறையும். இங்கிலாந்தில் அப்படி ஒன்று இருந்து 2006இல் நிறுத்தப்பட்டது. இந்த விவகாரத்துக்குப் பிறகு 2016இல் திரும்பத் தொடங்கினார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள், வசதியானவர்கள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவைக்கான இலவசப் பிரிவைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் விஜயபாஸ்கர். புற்றுநோய்க்குப் பின் அமைப்பது, அளவுக்கு மிஞ்சிய கனத்தால் தோளும் முதுகும் வலிப்பவர்களுக்குக் குறைப்பது ஆகியவற்றோடு, பெரிதாக்குவதும் ஏழைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்றார். வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட எழுதின. உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது அழகுக்கு எதற்கு என்று கண்டனமும் வந்தது. ஸ்டான்லி புதிதாகக் கற்றுக்கொண்டு இறங்கிய இடம் இல்லை. கையறுவைக்கும் ஒட்டறுவைக்கும் டாக்டர் வெங்கடசாமி காலத்திலிருந்து பெயர் வாங்கிய இடம்.

அந்தச் செய்தி வந்த சமயம் பாகூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் என்னிடம் வந்தார். நடவுக்கும் களைக்கும் போகிறவர். மார்பகத்தை எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. "அக்கா, மெட்ராசுல புதுசா வெச்சு உடுறாங்களாமே, நெசமா?" என்று கேட்டார். உனக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "ரவிக்கைக்குள்ள துணிய சுருட்டி வெச்சிருக்கேன். குனிஞ்சு நட்டா துணி நழுவி சேத்துல விழுந்துடுதுக்கா. ஒருநா எல்லாரும் பாத்துட்டாங்க. அன்னிலேருந்து நடவுக்கே போறதில்ல."

அழகுக்கு எதற்கு என்று பத்திரிகையில் எழுதியவர்கள் இந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை. அவருக்குப் போனது கூலி. நெல் வயல் சூழ்ந்த ஊரில், நடவுக்குப் போகாத கை வேறு எந்த வேலைக்குப் போகும்?

அவரை அறுவை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். அவர் பொறுமையாக எல்லா வழியையும் சொன்னார். அவர் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துக் கீழே எழுதுகிறேன்.

புற்றுநோய்க்குப் பின் அமைப்பதில் இரண்டு பெரிய வழிகள். ஒன்று, பை வைப்பது. தோல் போதாவிட்டால் முதலில் ஒரு விரிப்புப் பையை வைத்து, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றித் தோலை விரித்து, பிறகு நிலையான பையை வைப்பார்கள். மற்றது, முதுகுத் தசையையோ அடிவயிற்றுக் கொழுப்பையும் தோலையுமோ எடுத்து மார்பகமாக அமைப்பது. அடிவயிற்றிலிருந்து எடுத்து நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தைத்து இணைப்பது நெடுநேர அறுவை. ஆஸ்பத்திரியில் பல நாள் தங்க வேண்டும், வயிற்றிலும் தழும்பு வரும். ஆனால் அது சொந்தச் சதை. உடம்போடு சேர்ந்து மூப்படையும், கிழியும் என்ற பயம் இல்லை. கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குப் பை இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம் என்பதால் பலருக்கு இரண்டாவது வழியைச் சொல்கிறார்கள். தொடையிலோ வயிற்றிலோ கொழுப்பை உறிஞ்சி ஏற்றும் முறையும் உண்டு. அதில் ஒரு பங்கு கரைந்துவிடும், திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும்.

அழகுக்காகப் பெரிதாக்குவதென்றால் பெரும்பாலும் பைதான். சிலிக்கோன் அல்லது உப்புநீர், வட்டம் அல்லது துளி வடிவம், தசைக்கு மேல் அல்லது கீழ், கீறல் மார்பின் அடிமடிப்பில், காம்பைச் சுற்றி அல்லது அக்குளில் என்று தேர்வுகள். முழு மயக்கம் கொடுத்துச் செய்வார்கள். ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும்.

முதல் சில நாள் வலியும் வீக்கமும் இறுக்கமும் இருக்கும். நீர் வடிய ஒரு குழாய் வைத்திருக்கலாம். மல்லாந்துதான் படுக்க வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒரு வாரம் பத்து நாளில் போகலாம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், குழந்தை தூக்குவது என்றால் நாலு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். காய்ச்சல், சிவப்பு, சீழ், ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கம் என்றால் மறுநாள்வரை காத்திருக்கக்கூடாது.

பின்னாளில் என்ன வரும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பையைச் சுற்றி உடம்பு ஓர் உறை கட்டும். சிலருக்கு அது இறுகி வலிக்கும், வடிவம் கெடும். காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பாமலே போகும். பால் கொடுப்பதில் சிரமம் வரலாம். உப்புநீர்ப் பை கிழிந்தால் மார்பு சுருங்கித் தெரிந்துவிடும். சிலிக்கோன் பை சத்தமில்லாமல் கிழியும், ஸ்கேனில்தான் தெரியும். வாழ்நாள் முழுவதும் தாங்கும் பை என்று எதுவும் இல்லை. பத்துப் பதினைந்து வருடத்தில் திரும்ப அறுவை வரலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். இருபத்தைந்து வயதில் வைத்தால் அறுபதுக்குள் எத்தனை முறை என்று பெண்ணையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். மார்பக எக்ஸ்ரே எடுக்கப்போனால் பை இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும் சிலவகைப் பைகளைச் சுற்றி, மிக அரிதாக, நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று வருவது கண்டறியப்பட்டது. 2019இல் பிரான்சு அந்த வகைகளைத் தடை செய்தது. அதே வருடம் ஓர் அமெரிக்கக் கம்பெனி தன் சொரசொரப்புப் பைகளை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ஏற்கனவே வைத்து, தொந்தரவு இல்லாதவர்கள் எடுக்க வேண்டியதில்லை என்றார்கள். ஆனால் வீக்கம் வந்தால் காட்ட வேண்டும். தன்னுடையது எந்த வகை என்று தெரிந்தால்தானே காட்ட முடியும்? திரும்ப அதே அட்டைக்குத்தான் வருகிறோம்.

பாகூர்ப் பெண் எல்லாவற்றையும் கேட்டார். ஒன்றரை மாதம் குடம் தூக்காமல் இருக்க முடியாது, அறுவை வேண்டாம் என்று முடிவு செய்தார். மருத்துவர் அதையும் ஒரு வழியாகவே மதித்தார். எதையும் உள்ளே வைக்காமல், வெளியே அணியும் செயற்கை மார்பைப் போட்டுக்கொள்ளலாம் என்றார். கடையில் சிலிக்கோனில் கிடைப்பது விலை கூடுதல். பருத்தி நூலில் பின்னியதும் உண்டு. நம் ஊர்த் தையற்காரப் பெண் ரவிக்கையின் உட்புறம் ஒரு பை தைத்து, பஞ்சோடு கொஞ்சம் கேழ்வரகையும் பொட்டலமாகக் கட்டி உள்ளே வைத்து, மறுபக்கத்துக்குச் சமமாகக் கனம் வரும்படி செய்து கொடுத்தார். பையின் வாயில் இரண்டு கொக்கி. அடுத்த சம்பா நடவுக்கு அவர் போனார்.

வேறொருத்தி அதே தகவலைக் கேட்டு அறுவையைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் சரிதான். புதுச்சேரியிலேயே ஜிப்மரில் புற்றுநோய்ப் பிரிவும் ஒட்டறுவைப் பிரிவும் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த இடம் அது. புற்றுநோய் அறுவைக்குத் தேதி குறிக்கும் முன்பே "பிறகு மார்பகம் அமைக்க முடியுமா, கூடவே செய்வீர்களா, பின்னால் செய்வீர்களா" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பல இடங்களில் சொல்ல நேரம் இருக்காது. தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படிக்க வேண்டும். அழகுக்கான அறுவையைக் காப்பீட்டு நிறுவனங்கள் விலக்குகின்றன. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்பு அந்த விலக்கில் சேராது என்று ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது வாசகமே சொல்கிறது. மறுத்தால் அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள்.

நம் பாகூரில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு கிடைத்திருக்கிறது. இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்லூரிக்கு, மூன்று ஊர்களைக் கொடுத்த சாசனம். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே, கொடுத்ததைச் செம்பில் வெட்டி வைத்திருக்கிறார்கள். உடம்புக்குள் வைக்கும் பொருளுக்கு ஒரு சீட்டாவது வேண்டாமா?

உங்கள் வீட்டுப் பெண் இந்த அறுவைக்குப் போவதாக இருந்தால், கூடப் போகும் நீங்கள் கையில் வாங்கி வர வேண்டியவை இவை. ஒன்று, பையோடு வரும் ஒட்டுச்சீட்டு அல்லது அட்டை. அதில் கம்பெனி, மாடல், அளவு, எண் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் வைத்தால் இரண்டு சீட்டு. இரண்டு, அறுவைக் குறிப்பின் நகல். தசைக்கு மேலா கீழா, எந்த வழிக் கீறல் என்பது அதில் இருக்கும். மூன்று, டிஸ்சார்ஜ் சீட்டு. நான்கு, பணம் கட்டிய ரசீது. அதில் பையின் விவரமும் எழுதியிருக்கட்டும். எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். நம் பக்கம் புயலும் வெள்ளமும் வராத வருடம் குறைவு. செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் போனை மட்டும் நம்ப வேண்டாம்.

தருகிறவர்கள் "இதெல்லாம் உங்களுக்கு எதுக்குமா" என்பார்கள். என் மேசைக்கு முன் நின்ற எத்தனையோ பேர் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள், வேறு வேறு அலுவலகங்களிலிருந்து. நாற்காலி இருந்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள். "கையில் வாங்காமல் போக மாட்டேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். வயதானவர்கள் உட்கார்ந்துவிட்டால் எந்த அலுவலகத்திலும் காகிதம் கொஞ்சம் வேகமாக நகரும்.